காம்பும் ஒடுக்கியும்
ஒன்றரை அங்குலக் குழாயை ஓரங்குலக் குழாயோடு சேர்க்கும் துண்டை வெறுமனே ‘நிப்பிள்’ என்று குறித்திருந்த ஒரு விலைப்பட்டியலைக் கண்டபோது, இருமுனையிலும் மரை வெட்டிய, விட்டம் மாறாத சிறு துண்டுக்கு உரிய அப்பெயர் ‘ரெடியூசர்’ ஸ்தானத்தில் ஏறி அமர்ந்த விபரீதம் என்னைச் சிந்திக்க வைத்தது. பறவையின் அலகைக் குறித்த ‘நெப்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லின் குறுவடிவமாகப் பிறந்ததாகக் கருதப்படும் நிப்பிள், தாயின் மார்பை அடைந்து, பின்பு இரும்புக்கு வந்தது. ரெடியூசரோ, திரும்ப அழைத்துச் செல்லுதல் என்ற லத்தீன் தாத்பரியத்தை அறவே இழந்து, குறைத்தலோடு நின்றுவிட்டது. பூவுக்கும் பசுவின் மடிக்கும் மண்வெட்டிக்கும் சகஜமாகப் பொருந்தும் நம் ‘காம்பு’ முன்னதற்குப் போதும். பின்னதற்கு, நீளத்தைச் சுட்டும் ‘குறுக்கி’யைவிட, சந்தின் ஒடுக்கத்தை நினைவூட்டும் ‘ஒடுக்கி’யே உசிதம். பம்பின் உறிஞ்சு வாயில், காற்றுத் தேங்காதபடி தட்டைப் பக்கம் மேலிருக்கப் பொருத்தும் ஒருச்சாய்ந்த துண்டை ‘சாய்வொடுக்கி’ எனலாமே!