லவேஜ்

லவேஜ் கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தாவரவியல் பெயர் லெவிஸ்டிகம் அஃபிசினாலே. ஐரோப்பியத் தோட்டங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. இரண்டு மீட்டர் உயரம் வரை வளரும். இலை, தண்டு, விதை, வேர் எல்லாமே உணவாகும். மணம் செலரியைப் போன்றது, ஆனால் அதைவிடக் காட்டமானது. ருமேனியர்கள் ‘சோர்பா’ என்னும் புளிப்புச் சூப்பில் இதன் இலையைத் தூவுவார்கள்.

பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் ‘பெர்மாகல்ச்சர் ஒன்’ நூலில் முன்வைத்த தோட்டமுறை, ஆண்டுதோறும் மண்ணைக் கிளறாமல் பல்லாண்டுப் பயிர்களைச் சார்ந்து நிற்பது. லவேஜ் அதற்கு வெகுவாகப் பொருந்துகிறது. பனிக்காலத்தில் தரைக்கு மேலுள்ள பகுதி முழுதும் பட்டுப்போகும். வேர்க்கிழங்கு கடும் உறைபனியையும் தாங்கி, வசந்தத்தின் தொடக்கத்திலேயே துளிர்க்கும். மற்றக் கீரைகள் தலைகாட்டாத அந்த வாரங்களில் கிடைக்கும் இளந்தழையே இதன் தலையாய பயன்.

இதன் விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். எனவே முற்றியவுடன், இலையுதிர் காலத்திலேயே விதைப்பது நல்லது. வேரைப் பிரித்து வசந்தத்தில் நடுவது இன்னும் எளிது. ஈரம் காக்கும், ஆனால் நீர் தேங்காத வளமான மண் வேண்டும். ஓரளவு நிழலிலும் வளரும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பின்னர் இடம் மாற்றுவது கடினம். வட ஐரோப்பாவில், மற்றப் பயிர்களின் மேல் நிழல் விழாதபடி பாத்தியின் வடக்கு ஓரத்தில் வைப்பது பொருத்தம். ஒரு குடும்பத்துக்கு ஒரு செடியே தாராளம்.

கோடையில் குடை விரித்ததுபோல் மஞ்சள் பூக்கள் மலரும். இப்பூக்களில் தேன் மேலாகவே இருப்பதால், குறுகிய வாயுள்ள மிதவை ஈக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் எளிதில் உண்ணும். மிதவை ஈக்கள் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்று அழிப்பவை. ஆகவே தழைக்காகப் பூந்தண்டுகள் அனைத்தையும் வெட்டுவது தவறு. பாதியையாவது பூக்க விட வேண்டும். வெட்டிய தண்டும் தழையும் மூடாக்காகும். இலைத்துளைப்பான் தாக்கினால், பாதித்த இலைகளைக் கிள்ளி அகற்றினால் புதுத் தழை வரும்.

சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் எழும். வெட்டும்போது கையுறை அணிவது நலம். நஞ்சுள்ள ஹெம்லாக்கும் இதே குடும்பத்தது என்பதால், காட்டில் தானாக முளைத்ததை லவேஜ் என்று நம்பிப் பறிக்கவே கூடாது.

குளிர்கால உறக்கம் தேவைப்படும் இச்செடி தமிழகச் சமவெளிக்கு ஏற்றதல்ல. இங்கே ஈரமான இடத்தில் பல்லாண்டுக் கீரையாக வளர்க்க, இதே குடும்பத்து வல்லாரை இருக்கிறது.