பீரங்கிக்கு ஓர் ஊசி, அடுப்புக்கு ஓர் ஊசி

கோவளம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கிழக்குக் கடற்கரைச் சாலை, முட்டுக்காடு படகுத்துறை, சுடச்சுட வறுத்த மீன்... சரிதான். ராபர்ட் கிளைவிடம் கேட்டிருந்தால், அவர் வேறு கதை சொல்லியிருப்பார்.

1752-ம் ஆண்டு. கோவளம் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதைப் பிடிக்க கிளைவ் கூட்டிப்போனது சுமார் 200 வெள்ளைக்காரர்களையும் 500 சிப்பாய்களையும். வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய கத்துக்குட்டிகள். கோட்டையிலிருந்து குண்டு வந்து ஒருவன் செத்து விழுந்ததுதான் தாமதம், பின்னங்கால் பிடரியில் பட ஓட்டம்! ஒரு சோல்ஜரைப் பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியிலிருந்து கண்டுபிடித்தார்கள். எப்படியோ அவர்களைத் திரட்டி, தைரியம் சொல்லி, சில நாட்களில் கோட்டையைப் பிடித்துவிட்டார் கிளைவ். உள்ளே 50 பீரங்கிகள். 1746-ல் சென்னையைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போன அதே கம்பெனி பீரங்கிகள்! கோட்டையைப் பிறகு தகர்த்துவிட்டார்கள். 1974-ல் அந்த இடத்தில்தான் தாஜ் குழுமத்தின் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' வந்தது.

இப்போது அந்தக் கரை நெடுக ஹோட்டல்கள், வார இறுதி பங்களாக்கள். தோட்டத்து மூலையில் கேஸ் சிலிண்டரோடு ஒரு பார்பெக்யூ கிரில். பீரங்கி நின்ற மண்ணில் கிரில் நிற்கிறது என்று எழுதினால் சும்மா வார்த்தை விளையாட்டு என்பீர்கள். இல்லை, இரண்டுக்கும் உறவு இருக்கிறது.

அந்தக் காலத்துப் பீரங்கியின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாகத்தான் தீ உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும், நீளக் கழியின் நுனியில் கட்டிய ஈரமான ஆட்டுத்தோலைக் குழலுக்குள் விட்டுத் துடைப்பார்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சம் இருந்தாலும் போச்சு! அடுத்த மருந்தைத் திணிக்கும்போதே வெடிக்கும். திணிப்பவன் கையோ உயிரோ காலி. அந்தச் சின்னத் துளை அடைத்துக்கொண்டால் நீள ஊசியால் குத்தி அடைப்பு எடுப்பார்கள். இந்த ஊசியை மறந்துவிடாதீர்கள். திரும்ப வரும்.

நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். சென்னைப் பட்டணத்து அடுப்புகள் பல தலைமுறைகளாக எரிந்தது விறகில். 19-ம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் முளைத்ததே பட்டணத்து விறகுத் தேவைக்காகத்தான். கோவளத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாகச் சவுக்குக் கட்டை போனது. கூடவே உப்பும் போனது.

விறகடுப்பை நம் பாட்டிகள் எப்படி வைத்திருந்தார்கள்? சாம்பலை அள்ளி, சாணம் போட்டு மெழுகி, கோலம் போட்டு, அப்புறம்தான் தீ மூட்டுவார்கள். மடி, ஆசாரம் என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும். தினமும் அடுப்பின் ஒவ்வொரு விரிசலையும் ஒரு கை தடவிப் பார்த்தது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்து வந்தது பம்ப் ஸ்டவ். 1892-ல் சுவீடன்காரர் லிண்ட்க்விஸ்ட் உண்டாக்கிய 'பிரைமஸ்' வம்சம். கிருஷ்ணாயிலைச் சூட்டில் ஆவியாக்கி ஊசித்துளை வழியே பீய்ச்சி எரிக்கும் யந்திரம். துளை கரியால் அடைக்கும். உடனே தகரப் பிடியில் மெல்லிசுக் கம்பி வைத்த 'ஸ்டவ் பின்' வரும். பெட்டிக்கடையில்கூட விற்றார்கள். பீரங்கிக்காரனின் ஊசி நம் அம்மாக்கள் கைக்கு வந்த கதை இது!

அந்தக் காலத்துப் பேப்பர்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்று வராத வாரம் குறைவு. அழுக்கு ஸ்டவ் வெடித்ததும் உண்டு. ஸ்டவ்வின் மேல் பழியைப் போட்டுக் கொளுத்தியதும் உண்டு. இரண்டாவது வகை எவ்வளவு பெருகியது என்றால், 1986-ல் 'வரதட்சணை மரணம்' என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே (304-பி) சேர்க்க வேண்டியிருந்தது.

பிறகுதான் கேஸ். 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல் விற்க ஆரம்பித்தது. 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. 2007-ல் தொடங்கி தமிழக அரசு இலவசமாகவே அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. புகை போயிற்று, சாம்பல் போயிற்று. கூடவே அடுப்பைத் தடவிப் பார்க்கிற கையும் போயிற்று!

கேஸ் அடுப்பின் சூட்சுமம் ரொம்ப எளிது. 1855-வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பேராசிரியர் புன்சன் தன் சோதனைச்சாலைக்காகச் செய்துகொண்ட பர்னர்தான் இதற்கு முன்னோடி. எரிவதற்கு முன்பே கேஸோடு காற்றைக் கலந்துவிடு என்பது அவர் கணக்கு. சரியாகக் கலந்தால் நீலத் தீ. காற்று குறைந்தால் மஞ்சள் தீ, பாத்திரத்தில் கரி. உங்கள் கிரில்லில் மஞ்சள் தீ எரிகிறதா? யாரோ அதன் மூக்கை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார்? பெரும்பாலும் சிலந்தி! கிரில் பர்னரின் குழாயில் காற்று நுழையும் இடம் சிலந்திக்குப் பிடித்த வீடு. சிரிக்காதீர்கள். 2011-ல் அமெரிக்காவில் மாஸ்டா கம்பெனி ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததே, பெட்ரோல் டேங்க்கின் காற்றுக் குழாயில் ஒரு வகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதால்தான். கிரில்லில் வலை அடைத்தால், உள்ளே போக வேண்டிய கேஸ் வெளியே கசிந்து வந்து, குழாய்க்கு வெளியிலேயே, நாபுக்குப் பக்கத்திலேயே எரியும். உங்கள் கை இருக்கும் இடம் அது. ஆகவே மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த கிரில்லை தை மாதம் திறக்கும்போது பர்னரைக் கழற்றி, குழாய்க்குள் பிரஷ் விட்டு எடுங்கள். துளைகளுக்கு மெல்லிய கம்பி. பல்குத்தும் குச்சி கூடவே கூடாது. முறிந்து உள்ளேயே தங்கும்.

அடுத்த எதிரி கொழுப்பு. மீனிலிருந்தும் கறியிலிருந்தும் சொட்டுவது கீழ்த் தட்டில் தேங்கும். நாலு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தால் அதுவே எண்ணெய்ச் சட்டி. தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் எண்ணெய் சிதறும். கேஸை மூடிவிட்டு மணலையோ உப்பையோ அள்ளிப் போடுங்கள். கோவளத்தில் மணலுக்கு என்ன பஞ்சம்? உப்பு வேண்டுமானால் பக்கத்திலேயே கேளம்பாக்கம்! கம்பித் தட்டைச் சூடாக இருக்கும்போதே தேய்ப்பதுதான் சுலபம். தேய்ந்த கம்பி பிரஷ்ஷை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதிலிருந்து உதிரும் ஒரு கம்பி இறைச்சியில் ஒட்டி, தொண்டையில் குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

மூன்றாவது, இந்த ஊர் காற்று. உப்புக் காற்றில் எவர்சில்வரும் புள்ளி புள்ளியாக அரிக்கும். நான் பி.காம். படித்தவன். கடலோரத்து இரும்புக்குக் கணக்குப் புத்தகம் போடுகிற தேய்மானம் போதாது என்பேன். சமைத்த பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, கம்பித் தட்டில் எண்ணெய் தடவி, அப்புறம் உறை போடுங்கள். ஈரத்தோடு போட்ட உறை துருவுக்குப் போட்ட பந்தல்.

ரப்பர் டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதை மறக்க வேண்டாம். குமிழி வந்தால் கசிவு. கேஸின் நாற்றம் காட்டிக் கொடுக்காதா என்கிறீர்களா? அந்த நாற்றம் கேஸோடு பிறந்ததல்ல. 1937 மார்ச் 18-ம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரைக்கு அடியில் வாசனையே இல்லாத கேஸ் கசிந்து சேர்ந்திருந்தது. ஒரு தீப்பொறி. ஏறத்தாழ 300 பேர் பலி, பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் கேஸில் நாற்ற மருந்து கலப்பது சட்டமாக ஆரம்பித்தது. நம் சிலிண்டரிலும் அதற்காகவே கலக்கிறார்கள். ஆனால், கோவளத்துக் கடற்காற்று வீசும்போது உங்கள் மூக்குக்கு வந்து சேர்வதற்குள் அந்த நாற்றம் மகாபலிபுரம் போய்விடும்!

நம் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, பள்ளத்தில் தேங்கும். மூடி போட்ட கிரில் ஒரு நல்ல பள்ளம். மூடியபடியே நாபைத் திருப்பி, இரண்டு நிமிஷம் கழித்துத் தீப்பெட்டியைத் தேடி எடுத்து உரசினால், உங்கள் முன்னால் இருப்பது மருந்து திணித்த பீரங்கி. முதலில் மூடியைத் திறந்து வையுங்கள், அப்புறம் நாப்.