ஊர் மாறினால் வரி யாருக்கு?

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் எல்லாம் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பிழைப்பைத் தேடி வெளியூர் கிளம்ப வேண்டியதுதான். சித்திரையில் அருப்புக்கோட்டைக் கடையில் வேலை பார்த்தவர் ஆடியில் சென்னையில் இருப்பார். சிலர் பெங்களூருக்கே போய்விடுவார்கள். இப்படிப் பாதி வருடத்தில் ஊர் மாறுகிறவர் வரியை எந்த ஊருக்குக் கட்டுவது?

வருமான வரி என்றால் குழப்பமே இல்லை. 1857 கிளர்ச்சியால் காலியான கஜானாவை நிரப்ப, 1860-இல் ஜேம்ஸ் வில்சன் அதை இந்தியாவில் கொண்டுவந்தார். இன்றும் அது மத்திய அரசின் வரி. மாநிலங்கள் விவசாய வருமானத்துக்கு மட்டுமே வரி போட முடியும். அதனால் எத்தனை மாநிலம் மாறினாலும் ஒரே கணக்குத்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. பாதி வருடம் நியூஜெர்சியில் இருந்துவிட்டு டெக்சாஸ் போனவர், நியூஜெர்சியில் இருந்த காலத்துக்கு அந்த மாநிலத்துக்குத் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது.

ஆனால் நம்மிடமும் ஊரோடு ஒட்டிய வரி ஒன்று உண்டு. அதுதான் தொழில் வரி.

தொழிலுக்கு வரி போடுவது பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் என்ற பெயர்கள் வருகின்றன. தறியும் செக்கும் ஓர் இடத்தில் நிற்பவை. எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில் வரி. கருவியை விட்டுவிட்டு ஆளின் வருமானத்தை அளக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஆள் நடமாடுகிறவன் ஆயிற்றே!

1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் இதற்கு நாள் கணக்கு வைத்தது. ஓர் அரையாண்டில் மொத்தம் 60 நாட்களாவது நகராட்சி எல்லைக்குள் தொழில் செய்திருந்தால் வரி உண்டு.

உள்ளாட்சிகள் இதையே இரண்டாவது வருமான வரியாக்கிவிடாமல் இருக்க உச்சவரம்பும் வந்தது. 1941-ஆம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு 50 ரூபாய் என்றது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு 250 ரூபாய் ஆக்கியது. 1988-இல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. இன்று வரை அதே தொகைதான்.

தமிழ்நாட்டில் இந்த வரியை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. மாதத்துக்குப் பிரித்தால் 3,500 ரூபாய்தான். ஜவுளிக்கடை விற்பனையாளர் கூட இதைத் தாண்டிவிடுவார்.

ஊர் மாறுகிறவருக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஓர் அரையாண்டுக்கு மாநிலத்தின் ஏதாவது ஓர் உள்ளாட்சியில் வரி கட்டியதை நிரூபித்தால், இடம் மாறியதற்காக மட்டும் அதே அரையாண்டுக்கு இன்னோர் உள்ளாட்சி கேட்க முடியாது. அருப்புக்கோட்டை நகராட்சியில் கட்டிய ரசீது சென்னையிலும் செல்லும்.

ஆனால் ஓசூர் எல்லையோடு அது நின்றுவிடும். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி மாநில அரசே வசூலிக்கிறது. சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம் பிடித்தம். 2,500 ரூபாய் வரம்பும் அந்தந்த மாநிலத்துக்குத்தான், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து அல்ல. ஆகவே ஜூலையில் பெங்களூர் போனவர், செப்டம்பர் வரைக்கும் இங்கே கட்டியிருந்தாலும் அங்கே மறுபடி கட்ட வேண்டியிருக்கும். டெல்லிக்குப் போனவருக்கு அந்தக் கவலை இல்லை, அங்கே தொழில் வரியே இல்லை.

தொகை சின்னதுதான். ஆனால் மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு இருநூறு ரூபாயும் பணம்தான். மழை இல்லாமல் ஊரை விட்டவரிடம் இரண்டு இடத்தில் வரி கேட்கக் கூடாது என்ற நியாயத்தை நம் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனால் மாநில எல்லை வரைக்கும்தான். எனவே வேலை மாறும்போது சம்பளச் சீட்டோடு தொழில் வரி ரசீதையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.