பிட்டி: மூன்று ஏக்கர் பறவைத் தீவின் கதை

அரபிக் கடலில், லட்சத்தீவின் தலைநகரான கவரத்திக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் பிட்டி என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. பட்சிப் பிட்டி என்றும் சொல்வார்கள். மொத்தப் பரப்பே சுமார் 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர். சூளகிரி பக்கம் ஒரு சிறு விவசாயியின் கொத்தமல்லித் தோட்டம் அவ்வளவு இருக்கும். மரம் கிடையாது, குடிநீர் கிடையாது, மனிதர்களும் வசிப்பதில்லை. வெறும் பவளக் கல்லும் மணலும்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஆலாக்கள் முட்டையிடுவது அங்கேதான்.

அவ்வளவு பெரிய கடல் இருக்க, இந்த மூன்று ஏக்கர் எதற்கு? ‘சூட்டி டெர்ன்’ எனப்படும் கரிய முதுகு ஆலாவின் இறகுகள் தண்ணீரில் நனைந்துவிடும். அதனால் கடலில் மிதந்து ஓய்வெடுக்க முடியாது. கூட்டை விட்டுக் கிளம்பிய குஞ்சு பல வருடங்கள் கடல் மேலேயே பறந்து திரியும். முட்டையிட மட்டும் நிலம் வேண்டும். கூடு கட்டாமல் வெறும் தரையில் ஒரே ஒரு முட்டை இடும். மனிதர்கள் குடியேறிய தீவுகளில் பூனையும் எலியும் அதை விட்டு வைக்காது.

இந்தத் தீவுக் கூட்டத்தின் பறவைகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885ல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்! 1875ல் லட்சத்தீவுக்குப் போய் வந்தவர், மறு வருடம் தாம் நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

தீவு மக்களுக்கும் ஆலாவுக்கும் பழைய உறவு உண்டு. சூரை மீன் கூட்டம் கீழிருந்து துரத்தும்போது சின்ன மீன்கள் மேலே துள்ளும். அதைக் கொத்த ஆலாக்கள் கூடும். பறவை கூடிய இடத்துக்குப் படகை விட்டால் சூரை கிடைக்கும். ஆனால் முட்டைகளை அள்ளிக்கொண்டு போகும் பழக்கமும் இருந்தது. வருடத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை எத்தனை காலம் தாங்கும்? 1995ல் பிட்டி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதே லட்சத்தீவில், பங்காரம் அருகே பரலி-1 என்ற ஆளில்லாத தீவு இருந்தது. 1968ல் அதன் பரப்பு 3.2 ஹெக்டேர், பிட்டியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். கடல் அரிப்பில் அது முழுவதும் மூழ்கிவிட்டதாக 2017ல் வெளியான ஆய்வு சொன்னது.

முட்டை எடுப்பவரைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம். அலையை எந்தச் சட்டம் தடுக்கும்? கடல் மட்டம் உயர்வதற்குக் காரணமான புகையோ, கடலையே பார்க்காத ஊர்களின் தொழிற்சாலைகளிலிருந்தும் லாரிகளிலிருந்தும்கூடப் போகிறது. பிட்டியைக் காப்பாற்றும் வேலை பிட்டியில் மட்டும் முடிந்துவிடாது.