டிடிகே ரோடும் முந்திரா விவகாரமும்

போன வாரம் ஆழ்வார்பேட்டைலேர்ந்து ராயப்பேட்டைக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். கூட நண்பரின் பையன், காலேஜ் படிக்கிறவன். கடை போர்டு ஒன்றைப் படித்துவிட்டு, "அங்கிள், டிடிகேன்னா குக்கர் கம்பெனிதானே? அதுக்கு எதுக்கு ஒரு ரோடு?" என்று கேட்டான். மியூசிக் அகாடமி சிக்னலில் ஆட்டோ நின்ற நேரத்தில் பாதிக் கதை சொன்னேன். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. மீதிக் கதை இங்கே.

எனக்கு இந்தக் கதை தெரிந்தது தாத்தா புண்ணியத்தில். மயிலாப்பூரில் சித்திரைக்குளம் பக்கம் வீடு. சாயங்காலமானால் திண்ணையில் தாத்தாவும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் உட்கார்ந்து உலக விவகாரம் பேசுவார்கள். எங்கே ஆரம்பித்தாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது 'முந்திரா'வில் வந்து முடியும். சின்ன வயசில் நான் அதை முந்திரிப் பருப்பு ஊழல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928ல் வியாபாரம் ஆரம்பித்து, பிறகு அரசியலுக்கு வந்தவர். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்தவர். 1956 ஆகஸ்டில் நேரு மந்திரிசபையில் நிதியமைச்சர் ஆனார். 1957 தேர்தலில் நம்ம தென்சென்னையின் எம்.பி.யும் அவர்தான். தாத்தா ஓட்டு அவருக்கே. அந்த வருஷ பட்ஜெட்டில் சொத்து வரி, செலவு வரி என்று இரண்டைக் கொண்டுவந்து பெரிய முதலாளிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், 1956 செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. பிறக்கிறது. ஆயுள் காப்பீடு செய்துகொண்டிருந்த தனியார் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஏதோ ஒரு தனியார் கம்பெனியில் தாத்தா எடுத்திருந்த பாலிசி, ஒரு நாள் காலையில் எல்.ஐ.சி. பாலிசி ஆகிவிட்டதாம். "இனிமே கவர்மெண்ட் பணம்டா, பயமில்லே" என்று பாட்டியிடம் சொன்னாராம்.

ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்திரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. ஜெஸ்ஸப், ரிச்சர்ட்ஸன் க்ரூடாஸ் எல்லாம் அந்த ஆறில் அடக்கம். ஆசாமி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். முதலீட்டுக்கென்றே எல்.ஐ.சி.யில் ஒரு கமிட்டி இருந்தது. அதைக் கேட்காமலே பேரம் முடிந்துவிட்டது.

அந்த டிசம்பர் 16ஆம் தேதி மக்களவையில் இதைப் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி, அதாவது நேருவின் மாப்பிள்ளை. மாமனார் பிரதமர், மாப்பிள்ளை எழுந்து நின்று அவருடைய நிதியமைச்சரைக் கேள்வி கேட்கிறார். இன்றைக்கு நடக்குமா, யோசித்துப் பாருங்கள்.

1958 ஜனவரியில் தனி நபர் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. விசாரணை எல்லோரும் பார்க்கும்படிதான் நடக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். பம்பாயில் கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்கவேண்டி வந்தது. நிதியமைச்சர், நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல், ரிசர்வ் பேங்க் கவர்னர், எல்.ஐ.சி. தலைவர், முந்திரா என்று ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். தெருவில் நிற்கிற ஜனம் அத்தனையையும் கேட்டது.

கமிஷனுக்கு உதவியாக நின்ற வக்கீல் யார் தெரியுமா? எம்.சி. சீதல்வாட், அப்போதைய அட்டர்னி ஜெனரல். அரசாங்கத்தின் முதல் வக்கீலே அரசாங்கத்தின் மந்திரி சம்பந்தப்பட்ட விஷயத்தை நோண்டுகிறார்!

செயலர் படேல், மந்திரிக்குத் தெரிந்துதான் செய்தேன் என்றார். டிடிகே, நான் ஒப்புதல் கொடுக்கவில்லை என்றார். இருபத்திநாலே நாளில் விசாரணையை முடித்து பிப்ரவரி 10ஆம் தேதி அறிக்கை கொடுத்தார் சாக்ளா. சாராம்சம் இதுதான்: துறையில் நடந்ததற்கு மந்திரிதான் பொறுப்பு. தனக்குக் கீழே இருப்பவர் செய்த காரியம், எனக்குச் சம்பந்தமில்லை என்று அவர் கை கழுவ முடியாது. அந்த மாதமே டிடிகே ராஜினாமா செய்தார். பிப்ரவரி கடைசியில் வரவேண்டிய பட்ஜெட்டை நேருவே படிக்கவேண்டியதாயிற்று.

இதில்தான் திண்ணைச் சண்டை.

தாத்தா சொல்வார்: "பாவம் ஓய் அந்த மனுஷன். பத்துப் பைசா தொட்டார்னு யாராவது சொன்னாளா? பம்பாயில மைக்கு கட்டி கூத்தடிச்சு அனுப்பிட்டா. வரி போட்ட கோபத்துல முதலாளி எல்லாம் கை தட்டினான்."

சிநேகிதர் விடமாட்டார்: "திருடினார்னு நான் சொன்னேனா ஓய்? உம்ம பாலிசிப் பணம் போச்சே, யார் ஓய் பதில் சொல்றது? குமாஸ்தாவா?"

தாத்தா சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நேருவுக்கே இந்த விசாரணை நடந்த விதம் பிடிக்கவில்லை. நிதியமைச்சரின் நேர்மையை அவர் கடைசிவரை சந்தேகிக்கவும் இல்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு, தீர்ப்பு வரும் முன்பே ஜனம் தீர்ப்பு எழுதிவிடும் என்ற பயம் நியாயமானதுதான்.

ரொம்ப வருஷம் நானும் தாத்தா கட்சிதான். அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்த பிறகு கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2017 மே மாதம் அதிபர் டிரம்ப் விவகாரத்தை விசாரிக்க ராபர்ட் மியூலரைத் தனி வழக்கறிஞராகப் போட்டார்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா அந்த இரண்டு வருஷமும் போனில் வேறு எதுவுமே பேசவில்லை. 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. விசாரணைக்கு இடைஞ்சல் செய்தாரா என்ற கேள்வியில், அதிபர் குற்றம் செய்தார் என்றும் அது சொல்லவில்லை, குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை. பதவியில் இருக்கும் அதிபர் மேல் வழக்குப் போடுவதில்லை என்பது அங்கே நீதித்துறையின் கொள்கை. பாதி அமெரிக்கா ஜெயித்தோம் என்றது, மீதி அமெரிக்காவும் ஜெயித்தோம் என்றது. அண்ணாவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதற்கும் முன்னால் 1973ல், ஒலிநாடாக்களைக் கேட்ட தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நிக்ஸன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். விசாரிக்கிறவன் சீட்டு, விசாரிக்கப்படுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம ஊர் சர்க்காரியா கமிஷன் 1976ல் எமர்ஜென்சி சமயத்தில், தி.மு.க. ஆட்சியைக் கலைத்த கையோடு போடப்பட்டது. வழக்குகள் பிற்பாடு வாபஸ் ஆகின. ஆனால் 'சர்க்காரியா' என்ற வார்த்தை மட்டும் இன்றுவரை மேடைக்கு மேடை உலாவுகிறது. குற்றச்சாட்டும் தீரவில்லை, மறுப்பும் தீரவில்லை.

1958ல் கேட்ட கேள்வி வேறு. 'மந்திரி குற்றவாளியா' என்பது அடுத்த விஷயம். 'யார் பதில் சொல்லணும்' என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்ல இருபத்திநாலு நாள் போதும். இரண்டாவதற்கு இருபது வருஷமும் போதாது. நாம் இப்போதெல்லாம் இரண்டாவதை மட்டும் கேட்டுவிட்டு, விடை வரும்வரை எல்லோரும் அவரவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று விட்டுவிடுகிறோம்.

இதைப் பெரிய மனுஷன் மாதிரி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால், ஒரு பழைய அலுவலகத்தில், என் டீமில் இருந்த பையன் ஒரு தப்பான கணக்கை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டான். அதைப் பார்த்து அனுப்பச் சொல்லவேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை. மீட்டிங்கில் மேலிடம் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது: "எனக்குத் தெரியாது சார், அவன் செஞ்சது." பொய் இல்லை. நிஜமாகவே எனக்குத் தெரியாது. அவன் மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனான். நான் அங்கேயே இன்னும் நாலு வருஷம் இருந்தேன். தாத்தாவின் சிநேகிதர் உயிரோடு இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியும். "தெரியாதுன்னா, பின்ன நீர் எதுக்கு ஓய் அந்த சீட்டுல?"

கதையின் வால் இன்னும் வேடிக்கை. முந்திரா ஜெயிலுக்குப் போனார். டிடிகே 1962ல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றி எம்.பி. ஆகி, 1963ல் மறுபடி நிதியமைச்சர். அதே வருஷம் சாக்ளா கல்வி அமைச்சராக வந்து சேர்ந்தார். விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒரே மந்திரிசபையில்! செயலர் படேல் 1977ல் மொரார்ஜி தேசாய் ஆட்சியில் அவரே நிதியமைச்சர் ஆனார். பொறுப்பேற்று விலகினால் வாழ்க்கை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த மொரார்ஜிதான் டிடிகேக்குப் பிறகு 1958ல் நிதியமைச்சர் ஆனவர். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை 1959ல் திறந்து வைத்ததும் அவரே. சினிமாவில் யாராவது மெட்ராஸுக்கு வந்து இறங்கினால் உடனே காட்டுவார்களே, அதே கட்டடம். ராஜினாமா செய்தவருக்கோ, மௌபரீஸ் ரோடு என்று இருந்த தெருவும் அகாடமியின் பெரிய அரங்கமும் பேராகக் கிடைத்தன. கணக்கு சரியாகப் போய்விட்டது என்றுதான் தாத்தா சொல்லியிருப்பார்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் எந்தக் கட்சி? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பையன் பின்னூட்டத்தைப் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.