ஃபார் விடுதிக் காட்சியகம்

ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் உள்ள சிறிய இயற்கைக் காட்சியகம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல (ஏறத்தாழ 1,890 மீட்டர்) வழியாக இங்கு வரலாம். பிரித்தானிய அதிகாரிகளின் வேட்டை விடுதியாக இருந்த இக்கட்டடம், தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கியது. இன்று பூங்காவின் தாவரங்கள், விலங்குகள், நில அமைப்பு ஆகியவற்றை விளக்குகிறது.

உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சியைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பனிமூட்டம் மறைத்துவிடும் என்பதால் குடும்பங்கள் முதலில் அங்கேதான் விரைகின்றன. பிள்ளைகளோடு திரும்பும்போது காட்சியகத்தில் நின்று பார்ப்பதே நல்லது.

பூங்காவில் மரைகளைத் தேடும் கண்கள் பூச்சிகளைத் தவறவிடுகின்றன. அது பெரிய இழப்பு. இலங்கைக்கே உரிய லீத்தி டாரெட்டிஸ் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் ஓடைக்கரைக் குட்டை மூங்கிலின் இலையைத் தின்று வளர்கின்றன. சிறகை மூடி அமரும்போது அதன் அடிப்புறத்துக் கண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மூக்கில் கொம்புடைய ஓணானுக்கும் பூச்சிகளே இரை. வெயில் ஏறிய பிறகே இவை நடமாடும். சனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதுண்டு. இச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.