பட்டிப்பூவுக்குப் பின்னால் இருந்த காசு

திருகோணமலையின் சல்லியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் பட்டிப்பூ தானாக முளைத்து நிற்கும். வெறும் மணலும் உப்புக்காற்றும் அதற்குப் போதும். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்தைத் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் என் கைநரம்பில் ஏற்றினார்கள். எனக்கு ஏழு வயது. வந்திருந்தது இரத்தப் புற்றுநோய். இன்று நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எந்த மருந்து எங்கிருந்து வந்து என்னைக் காப்பாற்றியது என்று பல வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன்.

அதில் முதல் ஆள் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். கதர் உடுத்தியதற்காக அவருக்கு முழுப் பட்டம் கொடுக்காமல் ஒரு படி குறைந்த பட்டத்தையே கொடுத்தார்கள். கூடப்பிறந்தவர் வயிற்றுநோயில் இறந்த துக்கம் மனதில் கிடக்க, 1920களில் அமெரிக்காவுக்குப் போனார். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கியது. பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதை இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாகப் பரவியது. அப்படியானால் அந்த அமிலத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். சுப்பாராவின் குழு அமினோப்டெரினைச் செய்து அனுப்பியது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகள். பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. சில மாதங்களுக்குத்தான். ஆனாலும் அதற்கு முன் அந்தச் சில மாதங்களைக்கூட எந்த மருந்தும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். என் முதுகில் போட்ட மெத்தோட்ரெக்சேட் ஊசி அந்த அமினோப்டெரினின் அடுத்த பிள்ளை.

ஃபார்பருக்கு அடுத்த ஆய்வுகளுக்குக் காசு வேண்டியிருந்தது. 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில், 'ஜிம்மி' என்று பெயர் மாற்றிய ஒரு நோயாளிச் சிறுவனை நாடு முழுக்கக் கேட்கப் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் இரண்டு லட்சம் டொலருக்கு மேல் அனுப்பினார்கள்.

பட்டிப்பூவின் கதை இன்னும் வேறு. ஜமைக்காவில் சலரோகத்துக்கு அதன் இலையை அவித்துக் குடித்தார்கள். 1952இல் அந்த இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. ரொபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் சீனி குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. எதிர்பார்த்தது கிடைக்கவில்லையே என்று அவர்கள் மூடி வைக்கவில்லை. அதே செடியிலிருந்து எலை லில்லி நிறுவனம் பிரித்தெடுத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். செடி எங்கள் ஒழுங்கையில் நின்றது, அறிவாளி எங்கள் பக்கத்திலிருந்து போனார். இரண்டையும் ஒரு மருந்துப்புட்டிக்குள் கொண்டுவரச் செலவழித்தவர்கள் வேறு தேசத்தவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நன்றியும் வருகிறது, மனமும் வலிக்கிறது.

எங்கள் பக்கத்திலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் பன்னிரண்டு கட்டில்களோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், மும்பை டாட்டாவும், டில்லி எய்ம்ஸும் எண்பதுகளில் அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சைமுறையைப் பின்பற்றி, ஒவ்வொரு பிள்ளையின் கணக்கையும் எழுதி வைத்தன. ஐந்தில் ஒரு பிள்ளைகூடப் பிழைக்காத நிலை மாறி, நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் வரை தேறினார்கள். தொற்று வந்து இறப்பவர்கள் இங்கே அதிகம் என்பதும் அந்தக் கணக்கில்தான் தெரிந்தது. மேலைநாட்டு மருந்துச்சீட்டை அப்படியே கொப்பி அடித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

மகரகமவில் எனக்கு மருந்து இலவசம். அந்த உரிமையை இலங்கை விட்டுவிடக் கூடாது. ஆனால் பேருந்துக் கூலியும் கொழும்பில் தங்கும் செலவும் எங்கள் தலையில். அப்பா கரைவலைச் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கினார். யுத்த காலம், சோதனைச்சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறுவோம். தொப்பிக்குள் என் மொட்டைத்தலை வேர்க்கும். சிங்களம் தெரியாத அம்மாவுக்கு, அடுத்த கட்டில் பிள்ளையின் தாய், அனுராதபுரத்துக்காரி, மருந்து நேரத்தை விரல்விட்டுக் காட்டுவா. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போன பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆண்டுதோறும் உலகில் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 வீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 வீதம்கூட இல்லை. நம் சனத்துக்குக் கொடுக்கும் மனம் குறைவில்லை. 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காகத் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள். 2016இல் மகரகமவுக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கொடுப்பது போல ஆராய்ச்சிக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பிள்ளைகள் ஏன் வைத்தியத்தை இடையில் விடுகிறார்கள், எந்தத் தொற்று அவர்களைக் கொல்கிறது என்பதை நம் பிள்ளைகளை வைத்தே ஆராய வேண்டும். எனக்கு ஏற்றிய மருந்துகளில் ஒரு வகை இருபது, முப்பது வருடம் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடும். அமெரிக்காவில் 1994 முதல், சிறுவயதில் புற்றுநோயிலிருந்து பிழைத்த ஆயிரக்கணக்கானோரை அரசுப் பணத்தில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். திருகோணமலையில் அதைத் தொடங்க ஒரு தாதி, ஒரு கணினி, வருடத்துக்கொருமுறை எக்கோ பரிசோதனை, தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பேருந்துக் காசு போதும். முதல் பெயராக என்னுடையதை எழுதலாம்.